கடல் கடந்த பிள்ளை யாரோடு சாப்பிடுகிறது?

மதுரை தமுக்கம் பக்கத்தில், ராணி மங்கம்மாளின் பழைய அரண்மனையில்தான் காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. 1959-ல் நேரு திறந்துவைத்தது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வருகிறார்கள். சுடப்பட்ட அன்று அவர் உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணியின் முன்னால் சத்தம் அடங்கி நிற்கிறார்கள். 1921 செப்டம்பரில் அவர் அரையாடைக்கு மாறியது இதே மதுரையில்தான் என்று ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவர்கள் அதிகம் பேசாத இன்னொரு காந்தி உண்டு. பத்தொன்பது வயதுகூட நிரம்பாமல், 1888 செப்டம்பர் 4-ம் தேதி பம்பாயில் கப்பலேறி, லண்டனில் வாடகை அறையில் படுத்துக்கொண்டு, அம்மாவை நினைத்து இரவெல்லாம் அழுத மாணவன்.

இதை அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஊரும் வீடும் ஓயாமல் நினைவுக்கு வந்தன. அந்தத் துக்கத்தை யாரிடமும் பகிர்ந்துகொள்ள முடியவில்லை. மனிதர்கள், அவர்கள் பழக்கவழக்கம், வீடுகள் எல்லாமே அந்நியமாக இருந்தன. சாப்பாடு உப்புச்சப்பில்லாமல் இருந்தது. இங்கிலாந்தில் இருக்கவும் முடியவில்லை. திரும்பிப் போவதை நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. வந்தது வந்தாயிற்று, மூன்று வருடத்தை முடித்தாக வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

இருக்கவும் முடியாமல், திரும்பவும் முடியாமல் தவித்த அந்த இளைஞரின் நிலைமை இன்று மேலூரிலும் உசிலம்பட்டியிலும் திருமங்கலத்திலும் கே.கே. நகரிலும் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளின் நிலைமை. அதைத்தான் இந்தக் கட்டுரை பேச வருகிறது.

ஜூலை பிறந்துவிட்டால் இந்த ஊர்களில் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். ஒரு வீட்டில் பையன் ஜெர்மனிக்கு. பக்கத்துத் தெருவில் பொண்ணு இங்கிலாந்துக்கு. அரசு வேலைக்குப் போன முதல் தலைமுறையின் பிள்ளைகள் மட்டும் போன காலம் மலையேறிவிட்டது. விவசாயி வீட்டுப் பிள்ளையும், கடை வைத்திருப்பவர் பிள்ளையும் போகிறார்கள். வேனில் வந்து பெருங்குடி விமான நிலைய வாசலில் இறங்கி, கொழும்பு வழியாகவோ துபாய் வழியாகவோ அனுப்பிவைக்கிறார்கள். இல்லையென்றால் பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னை வரைக்கும் போய் ஏற்றிவிடுகிறார்கள். பெட்டியை வீட்டிலேயே தராசில் தொங்கவிட்டு எடை பார்த்தாயிற்று. இட்லிப்பொடி, புளி, மிளகாய்த்தூள், சின்ன குக்கர், காய்ச்சல் மாத்திரை எல்லாம் உள்ளே இருக்கின்றன. கணக்கில் ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று அம்மா மூன்று தடவை சரிபார்க்கிறார்.

வெளியுறவு அமைச்சகத்தின் கணக்கில் 2024-ல் வெளிநாடுகளில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். அமெரிக்காவில் மட்டும் 2023-24 கல்வியாண்டில் 3,31,602 பேர். 2009-க்குப் பிறகு முதன்முறையாக அங்கே சீன மாணவர்களைவிட நம்மவர் எண்ணிக்கை கூடியது அந்த ஆண்டில்தான். இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2024 ஜூலையில் மக்களவையில் அரசு தந்த பதிலின்படி, அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் வெளிநாட்டில் இறந்துபோன இந்திய மாணவர்கள் 633 பேர். விபத்து, நோய் என எல்லாக் காரணங்களும் சேர்ந்த எண்ணிக்கை அது. ஆனாலும் அந்த 633 வீடுகளிலும் யாரோ ஒருவர் முந்தின நாள் போனில் நல்லா இருக்கியா என்று கேட்டிருப்பார்.

பேச்சு இலவசம் ஆன பிறகும்

மதுரையில் 1972-ல் பிறந்து சென்னையில் வளர்ந்தவர் சுந்தர் பிச்சை. 2020-ல், கொரோனா முடக்கத்துக்கு நடுவே பட்டம் பெற்ற மாணவர்களுக்கு இணையம் வழியாகப் பேசியபோது, தான் ஸ்டான்ஃபோர்டுக்குப் படிக்கப் போன கதையைச் சொன்னார். விமான டிக்கெட்டுக்கு அப்பா செலவழித்தது அவருடைய ஒரு வருடச் சம்பளத்துக்குச் சமமான தொகை. அதற்கு முன் சுந்தர் விமானமே ஏறியதில்லை. அங்கே ஒரு முதுகுப் பையின் விலை, ஊரில் அப்பாவின் ஒரு மாதச் சம்பளம். வீட்டுக்குப் போன் பேச ஒரு நிமிடத்துக்கு இரண்டு டாலருக்கும் மேல்.

இன்று அந்த இரண்டு டாலர் செலவு இல்லை. வாட்ஸ்அப்பில் முகம் பார்த்தே மணிக்கணக்கில் பேசலாம். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதை லண்டனில் நள்ளிரவு தாண்டி விழித்திருந்து நேரலையில் பார்க்கிறார்கள் பிள்ளைகள். தூரம் செத்துவிட்டது என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் ஏக்கம் குறையவில்லை. அதற்குக் காரணம் அந்தப் போன் பேச்சிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

அந்தப் பேச்சு எப்படி நடக்கிறது என்று பாருங்கள்.

"சாப்ட்டியாப்பா?"

"சாப்ட்டேம்மா."

"என்ன சாப்ட்ட?"

"சாதம்தாம்மா. ரசம் வச்சேன்."

"படிப்பெல்லாம் எப்படிப் போகுது?"

"நல்லாப் போகுதும்மா. அப்பாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. நீ நல்லா இரு."

பையன் ரசம் வைக்கவில்லை. நின்றுகொண்டே ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்கையில் கிடக்கிறான். ஒரு பாடத்தில் தோற்றுவிட்டான். அப்பாவை முட்டி வலிக்காக அல்ல, நெஞ்சு வலிக்காக ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு அன்று காலைதான் அழைத்து வந்திருக்கிறார்கள். பரீட்சை நேரத்தில் பிள்ளையிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று இந்தப் பக்கம். கடன் வாங்கி அனுப்பியவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று அந்தப் பக்கம். இருவரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறார்கள். அந்தக் காப்பாற்றலிலேயே இருவரும் தனியாகிப் போகிறார்கள்.

நேரமும் ஒத்துழைப்பதில்லை. இரவு ஒன்பது மணிக்கு மதுரையில் பாத்திரம் கழுவி முடித்து அம்மா உட்காரும்போது, கோடைக்கால சிகாகோவில் காலை பத்தரை. மகள் வகுப்பில் இருக்கிறாள். அவள் அறைக்குத் திரும்பி, பேச ஒரு குரல் வேண்டும் என்று ஏங்கும் இரவு பத்து மணிக்கு இங்கே காலை எட்டரை. அம்மா பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருக்கிறார். உண்மை பேசுவதற்கு ஆற அமர நேரம் வேண்டும். பிள்ளையும் பெற்றோரும் ஒரே சமயத்தில் ஆற அமர இருக்கும் வேளை கிடைப்பதே இல்லை. அதனால் 'நல்லா இருக்கேன்' என்பதோடு முடிந்துபோகிறது.

காந்தி லண்டனில் இருந்தபோது அவர் தாயார் புத்லிபாய் இறந்துவிட்டார். அந்நிய நாட்டில் தனியாக இருக்கும் தம்பிக்கு அந்த அதிர்ச்சி வேண்டாம் என்று அண்ணன் செய்தியை மறைத்துவிட்டார். 1891-ல் பாரிஸ்டராகி, அம்மாவைப் பார்க்கப்போகும் ஆவலோடு பம்பாயில் வந்திறங்கிய பிறகுதான் அவருக்குச் சொன்னார்கள். தந்தை இறந்ததைவிட இது தனக்குப் பெரிய துக்கமாக இருந்தது என்று எழுதியிருக்கிறார். மறைத்தவர் அன்பினால்தான் மறைத்தார். நம் வீடுகளிலும் அன்பினால்தான் மறைக்கிறார்கள். ஒரு முறை இப்படி மறைத்தது தெரிந்துவிட்டால், அதன் பிறகு 'இங்கே எல்லாரும் நல்லா இருக்கோம்' என்று வீட்டில் யார் சொன்னாலும் பிள்ளையின் நெஞ்சு நம்பாது. போன் மணி அடிக்கும்போதெல்லாம் பதறும். அந்தப் பதற்றத்தைத் தருவதைவிட, இன்னது நடந்தது, இப்போது இப்படி இருக்கிறது என்று நடந்தபடி சொல்லிவிடுவது எவ்வளவோ மேல்.

ராமானுஜனின் போர்வை

தமிழ்நாட்டிலிருந்து வெளிநாடு போன மாணவர்களில், தனிமை எப்படி ஆளை அரிக்கும் என்பதற்கு இவ்வளவு விரிவான சாட்சியம் வேறு யாருக்கும் இல்லை. ராமானுஜனைச் சொல்கிறேன். அவருடைய கணிதத்தைக் கொண்டாடுகிறோம். அவர் கேம்பிரிட்ஜில் பட்ட பாட்டை மேதையின் விசித்திரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். அது விசித்திரம் அல்ல. இன்று பிள்ளையை அனுப்பும் ஒவ்வொரு வீடும் படிக்க வேண்டிய பாடம்.

1914 மார்ச்சில் சென்னையில் கப்பலேறி ஏப்ரலில் லண்டன் போய்ச் சேர்ந்தார். முதல் வாரங்கள் நன்றாகவே போயின. அவரை அழைத்துவரக் காரணமாக இருந்த நெவில் என்ற இளம் கணித ஆசிரியரும் அவர் மனைவியும் தங்கள் வீட்டிலேயே தங்கவைத்தார்கள். பிறகு டிரினிட்டி கல்லூரி விடுதி அறைக்கு மாறினார். ஆகஸ்டில் உலகப் போர் மூண்டது. கல்லூரி காலியாயிற்று, கணிதம் பேசிய பலர் போர்ப்பணிக்குப் போய்விட்டார்கள்.

ராமானுஜன் கண்டிப்பான சைவம். கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் எதில் எந்தக் கொழுப்பு கலந்திருக்கும் என்று தெரியாததால் அங்கே சாப்பிடப் போகவில்லை. அறையிலேயே சின்ன அடுப்பில் சமைத்துக்கொண்டார். வேலை மும்முரத்தில் ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சமையல் என்றும் ஆனது. இதில் சத்துக் குறைவு ஒரு பக்கம். அதைவிடப் பெரிய இழப்பு இன்னொன்று. கேம்பிரிட்ஜில் மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பழகுவது அந்த இரவுச் சாப்பாட்டு மேசையில்தான். அந்த மேசையை இழந்ததில் அவர் மனிதர்களையே இழந்தார்.

பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மகலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜில் மாணவர். ஒரு குளிர்நாளில் அறைக்கு வந்தவர், இரவில் குளிர் தாங்குகிறதா என்று கேட்டார். ராமானுஜன் மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு படுப்பதாகச் சொன்னார். மகலனோபிஸ் போய்ப் பார்த்தால் கட்டிலில் போர்வைகள் இருந்தன. மெத்தையோடு இறுக்கிச் செருகி, மேலே விரிப்புப் போட்டிருந்தார்கள். அவற்றை இழுத்துவிட்டு உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. சொல்லித்தர யாரும் இல்லை. கேட்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

இன்று யூடியூபில் போர்வை போர்த்துவதற்குக்கூட வீடியோ உண்டு. ஆனால் கேட்கத் தயங்கும் அந்தச் சுபாவம் நம் பிள்ளைகளிடம் அப்படியே இருக்கிறது. வகுப்பில் கை தூக்கிக் கேட்டால் சக மாணவர்கள் என்ன நினைப்பார்களோ, உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்று ஒரு வருடத்தையே வாய்மூடிக் கழிப்பவர்கள் இருக்கிறார்கள். ஹீட்டரை எப்படிப் போடுவது என்று கேட்க வெட்கப்பட்டு ஜெர்கினோடு தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஊரில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்த பிள்ளைக்குத்தான் இந்தத் தயக்கம் அதிகம்.

ராமானுஜனின் மனம் எவ்வளவு நைந்திருந்தது என்பதற்கு இன்னொரு சம்பவம். சில இந்திய நண்பர்களை அறைக்கு விருந்துக்கு அழைத்து, தானே சமைத்துப் பரிமாறினார். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டவர்கள் மூன்றாவது முறை போதும் என்றார்கள். அவ்வளவுதான், சற்று நேரத்தில் ஆளைக் காணவில்லை. சில நாள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பணம் கேட்டுத் தந்தி வந்தது. சாதாரண நாளில் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கக்கூடிய ஒரு சொல், தனித்துக் கிடந்த மனத்தை அப்படித் தைத்தது.

வீட்டுப் பக்கமும் சுமை. மனைவி ஜானகிக்கு அவர் எழுதிய கடிதங்களும் ஜானகி அவருக்கு எழுதியவையும் மாமியார்–மருமகள் மனத்தாங்கலில் போய்ச் சேரவில்லை. ஆரம்பத்தில் மாதத்துக்குப் பலமுறை ஊருக்கு எழுதியவர், 1917 வாக்கில் எழுதுவதையே கிட்டத்தட்ட நிறுத்திவிட்டார். அதே 1917-ல் நோயில் விழுந்தார். 1918 தொடக்கத்தில் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்று, நல்லவேளையாகக் காப்பாற்றப்பட்டார். அதே ஆண்டில்தான் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்வு பெற்றார். டிரினிட்டியின் ஃபெலோவும் ஆனார். உலகம் மாலை போட்டுக்கொண்டிருந்த அதே மாதங்களில் உள்ளே மனம் உடைந்து கிடந்தது. பிள்ளையின் மதிப்பெண்ணை வைத்து அதன் மனத்தைக் கணக்குப் போடுகிறவர்கள் இந்த ஒரு வருடத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1919-ல் ஊர் திரும்பிய அவர், 1920 ஏப்ரல் 26-ல் 32 வயதில் சென்னையில் இறந்தார். காசநோய் என்று அன்றைய மருத்துவர்கள் கருதினார்கள். அமீபா கிருமி கல்லீரலைத் தாக்கியிருக்கலாம் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். தனிமைதான் கொன்றது என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் பக்கத்தில் ஒரு குடும்பமும் ஒரு வேளைச் சூடான சாப்பாடும் தடையில்லாத கடிதப் போக்குவரத்தும் இருந்திருந்தால் அந்த ஐந்து வருடம் அப்படிப் போயிருக்காது என்று சொல்ல நிச்சயம் உரிமை உண்டு.

காந்தி எப்படித் தேறினார்?

அதே இங்கிலாந்து, அதே சைவம், ஆனால் காந்தியின் கதை வேறு மாதிரி முடிந்தது. முதலில் அவரும் தப்பான வழிகளில்தான் போனார். ஆங்கிலேயக் கனவானாக மாறிவிட்டால் எல்லாம் சரியாகும் என்று விலையுயர்ந்த உடுப்புத் தைத்தார், நடன வகுப்பில் சேர்ந்தார், வயலின் வாங்கினார். இன்றைய பிள்ளைகள் சிலர் போன வேகத்தில் பேச்சையும் உடையையும் மாற்றிக்கொண்டு, உள்ளுக்குள் மூச்சுமுட்டுகிறார்களே, அதே கதை. சில மாதங்களில் அவருக்குத் தெளிந்தது.

அவர் தேறியதற்கு ஒரு சாப்பாட்டுக் கடையும் காரணம். வயிறு நிறையாமல் தினமும் மைல்கணக்கில் லண்டன் தெருக்களில் நடந்து தேடி, ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவு விடுதியைக் கண்டுபிடித்தார். இங்கிலாந்து வந்த பிறகு மனம் நிறையச் சாப்பிட்டது அன்றுதான் என்கிறார். அந்தக் கடை வாசலில் வாங்கிய புத்தகம் அவரைச் சைவ உணவுக்காரர்களின் சங்கத்துக்குக் கொண்டுபோனது. சங்கத்தில் நண்பர்கள் கிடைத்தார்கள். பிறகு தான் குடியிருந்த பேஸ்வாட்டர் பகுதியில் தானே ஒரு சைவ உணவு மன்றம் தொடங்கினார். கூச்சத்தில் வாய் திறக்க முடியாத பையன், மன்றத்தின் செயலாளரானான். சல்லிக்காசு விடாமல் செலவுக் கணக்கு எழுதினார். வீட்டைச் சுருக்கிச் சிறிய அறைக்கு மாறினார். காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும் தானே வைத்துக்கொண்டார்.

தன்னை மாற்றிக்கொள்ளாமலே அந்த ஊரில் தனக்கென்று நாலு பேரைச் சேர்த்துக்கொண்டார் அவர். ராமானுஜனுக்கு அறிவு குறைவா, காந்திக்குத் துணிச்சல் அதிகமா என்று பார்ப்பது வீண். ஒருவர் தனியாகச் சாப்பிட்டார். இன்னொருவருக்கு உடன் உட்கார ஆட்கள் கிடைத்தார்கள். வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைக்கு முதல் மாதத்தில் செய்யவேண்டிய மிக அவசரமான காரியம், வாரத்தில் இரண்டு மூன்று வேளையாவது யாரோடாவது உட்கார்ந்து சாப்பிட ஏற்பாடு செய்துகொள்வதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தமிழர்களாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. நைஜீரியப் பையனும் வியட்நாம் பொண்ணும்கூட வீட்டை நினைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இது நோயா?

1688-ல் சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் வீட்டு ஏக்கத்தைப் பற்றி ஓர் ஆய்வேடு எழுதினார். அவர் விவரித்தவர்களில் பெர்ன் நகரிலிருந்து பாஸலுக்குப் படிக்க வந்த ஓர் இளைஞனும் உண்டு. இரண்டு ஊருக்கும் இடையே மதுரைக்கும் திருச்சிக்கும் உள்ள தூரம்கூட இல்லை. சோகம், காய்ச்சல், படபடப்பு. பிழைக்கமாட்டான் என்று கைவிட்ட நிலை. ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று கிளப்பியதும் வழியிலேயே தேறத் தொடங்கிவிட்டான். முந்நூறு வருடத்துக்கு முன்பே ஒரு மருத்துவர் இதை மதித்து எழுதியிருக்கிறார். 'இதுக்கெல்லாமா அழுவாங்க' என்று நாம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

1955-ல் லிஸ்கார்ட் என்ற நார்வே ஆய்வாளர், அமெரிக்கா போய்வந்த 200 நார்வேக்காரர்களிடம் பேசிப் பார்த்தார். ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வருடத்துக்கும் இடைப்பட்ட காலம் அங்கே இருந்தவர்கள்தான் அதிகம் ஒட்டாமல் இருந்திருக்கிறார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் சில, முதல் வாரங்களிலேயே சிரமம் உச்சத்தில் இருப்பதாகக் காட்டின. எப்படியானாலும் ஒன்று தெளிவு: ஏக்கம் வரும், இறங்கும், மறுபடி வரும். நான்கு மாதம் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை ஐந்தாம் மாதம் அழுதால், புதிதாக ஏதோ தவறு நடந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

வெயிலையும் சொல்ல வேண்டும். மார்கழியிலும் மதுரையில் பதினொன்றரை மணி நேரம் வெளிச்சம் உண்டு. லண்டனில் டிசம்பரில் எட்டு மணி நேரம்கூட இல்லை. நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். தென்னாப்பிரிக்காவின் வெயிலில் வளர்ந்து, மேற்படிப்புக்காக நியூயார்க் போன நார்மன் ரோசன்தால் என்ற மனநல மருத்துவர், குளிர்காலம் வந்தால் தானே சோர்ந்துபோவதைக் கவனித்தார். பருவத்தோடு வரும் மனச்சோர்வை அவரும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1984-ல் மருத்துவ உலகுக்கு விவரித்தார்கள். நம் வெயிலை நாம் திட்டித் தீர்க்கிறோம். அதில் வளர்ந்த உடம்பு அது இல்லாமல் தவிக்கும். காலை வெளிச்சத்தில் அரை மணி நேரமாவது வெளியே நடப்பதும், வைட்டமின் டி அளவைப் பார்த்துக்கொள்வதும் அங்கே ஆடம்பரமல்ல.

பணக் கவலை இந்த எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருக்கிறது. பொதுவாக 7.5 லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் வங்கி ஈடு கேட்கும். வீட்டுப் பத்திரமோ நிலமோ போய் அங்கே உட்கார்ந்துகொள்ளும். அதை நினைத்துக்கொண்டே பிள்ளை அங்கே ஒவ்வொரு பவுண்டையும் நூறுக்கு மேல் பெருக்கிப் பார்க்கிறது. காபி நானூறு ரூபாய், வேண்டாம். நண்பர்களோடு வெளியே போனால் இரண்டாயிரம், வேண்டாம். இப்படி 'வேண்டாம்' சொல்லிச் சொல்லியே தனியாகிவிடுகிறது. படிக்கும் காலத்தில் இங்கிலாந்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், கனடாவில் 24. கடன் பயத்தில் இந்த வரம்பைத் தாண்டுபவர்களுக்கு விசாவே போய்விடும் ஆபத்து உண்டு. பெற்றோரே முன்கூட்டி, 'மாதத்துக்கு இவ்வளவு நண்பர்களோடு சாப்பிட' என்று ஒரு தொகையைச் செலவுக் கணக்கில் எழுதிவைத்துவிடலாம். பாடப்புத்தகத்துக்கு எழுதுவதுபோல அதையும் எழுத வேண்டும்.

விருந்தாளியை ஏற்ற ஊர்

மதுரைக்கு இந்த விஷயத்தில் மறுபக்க அனுபவமும் உண்டு. அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியிலிருந்து இளைஞர்கள் அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் தலைமுறை தலைமுறையாக வந்து தங்கியிருக்கிறார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழக மாணவர்களும், 'சவுத் இந்தியா டெர்ம் அப்ராட்' திட்டத்தில் வந்தவர்களும் இங்கே தமிழ் படித்தார்கள்; இந்தத் திட்டத்தில் வந்தவர்கள் மதுரைக் குடும்பங்களோடு தங்கினார்கள். காரம் தாங்காமல் கண் கலங்கியவர்களுக்குத் தயிர்ச்சாதம் போட்டு, ஊர் நினைவில் சுருண்டு படுத்தவர்களை எழுப்பிக் கல்யாண வீட்டுக்கு அழைத்துப்போன அம்மாக்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். வேற்று நாட்டுப் பிள்ளையின் முகம் வாடியதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஊர் இது. சொந்தப் பிள்ளையின் முகத்தைத் திரையில் பார்க்கும்போதும் அந்தக் கண் வேண்டும்.

சோர்வு எப்போது மருத்துவரிடம் போக வேண்டிய சோர்வாகிறது? இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் மனம் இருண்டே இருந்தால், தூக்கமும் பசியும் கெட்டால், வகுப்புக்குப் போவது நின்றுவிட்டால், இருந்து என்ன ஆகப்போகிறது என்ற பேச்சு வந்தால், தாமதிக்கக் கூடாது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு மனநல ஆலோசகர் உண்டு. தனியாகக் கட்டணம் கேட்பதில்லை. உயிருக்கு ஆபத்து இருந்தாலொழிய அங்கே பேசுவதை யாருக்கும் சொல்லமாட்டார்கள். மதிப்பெண் பட்டியலிலும் ஏறாது. இங்கிலாந்து மாணவர் விசாவுக்கு மருத்துவ வரியாக ஆண்டுக்கு 776 பவுண்டு கட்டிவிட்டுத்தான் போகிறார்கள். கட்டிய பணத்துக்கு உரிய மருத்துவரிடம் முதல் வாரத்திலேயே பதிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

நள்ளிரவில் பேச ஆள் வேண்டுமென்றால் அமெரிக்காவிலும் கனடாவிலும் 988. இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் 116 123. ஆஸ்திரேலியாவில் 13 11 14. ஜெர்மனியில் 0800 111 0 111. இந்தியாவுக்குள் 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' எண் 14416, தமிழில் பேசலாம். பெற்றோரும் தங்கள் கலக்கத்துக்கு இதில் பேசலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மனநல மருத்துவர் சி. ராமசுப்பிரமணியன் 1992-ல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையும் இருக்கிறது. பிள்ளை போவதற்கு முன்பே ஒருமுறை ஆலோசகரைப் பார்த்துவிட்டுப் போகட்டும். தடுப்பூசி போட்டு அனுப்புகிறோம் அல்லவா?

கடைசியாகப் பெற்றோருக்கு. திரும்பி வருவது அவமானம் என்று நாம்தான் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். தெருவில் கேட்பார்கள், சொந்தக்காரர்கள் பேசுவார்கள் என்று பயந்து, உடைந்த மனத்தோடு அங்கேயே கிடக்கவிடுகிறோம். கல்விக்காகப் பிரிந்து போவதைத் தொல்காப்பியமே பேசுகிறது. அதற்கும் மூன்று ஆண்டு என்று ஓர் எல்லை வைத்திருக்கிறது. பிரிவுக்கு எல்லை வேண்டும் என்று நினைத்த மொழி நம்முடையது. பெட்டி கட்டும் நாளிலேயே பிள்ளையை உட்காரவைத்து மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: முடியவில்லை என்றால் ஒரு பருவம் விடுப்பு எடுத்துக்கொள்ளலாம், வந்துவிடவும் செய்யலாம், கடனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். திரும்பி வரலாம் என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் அங்கேயே இருந்து முடிக்கும் தெம்பு வரும்.

இன்று இரவு பேசும்போது 'சாப்ட்டியா' என்பதோடு நிறுத்தாதீர்கள். யாரோடு சாப்பிட்டாய் என்று கேளுங்கள். தனியாகத்தான் என்று பதில் வந்தால் அறிவுரை சொல்லாதீர்கள், போனையும் வைக்காதீர்கள். வீட்டில் நடந்ததை உள்ளபடி சொல்லுங்கள். அதன் பிறகு பிள்ளையும் உள்ளதைச் சொல்லும்.